போர் விளையாட்டு மேசைக்கு ஏற்ற மாதிரி ரயில்: அளவுவிகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிற்றுருவப் போர் விளையாட்டு என்பது உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிறு வீரர்களைக் குன்றும் ஆறும் ஊரும் அமைந்த ஒரு மேசைப் பரப்பில் நகர்த்தி, அளவுநாடாவையும் பகடையையும் கொண்டு, வகுக்கப்பட்ட விதிகளின்படி ஒரு போரை நடத்திப் பார்க்கும் கலையாகும். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூல் இக்கலையின் தொடக்க நூல்களுள் ஒன்று. அக்காலத்தில் பரவலாக விற்ற 54 மி.மீ. பொம்மை வீரர்கள், 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடிய பொம்மை ரயில்களுக்கு ஏறத்தாழ ஒத்த அளவில் இருந்ததால், இரண்டையும் ஒரே தரையில் பரப்பி விளையாடுவதில் சிக்கல் எழவில்லை. பின்னர் வீரர்களும் ரயில்களும் தனித்தனி வழியில் சிறுத்துப் பல அளவுகளாகப் பிரிந்தமையால், இன்று மேசையில் ஒரு ரயில் நிலையத்தையோ பாதையையோ அமைக்க விரும்புவோர் முதலில் ஒரு சிறு கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இரு துறைகளும் இருவேறு முறைகளில் அளப்பதே சிக்கலின் வேர். மாதிரி ரயில் உலகம் அளவுவிகிதத்தைக் கையாள்கிறது. அதாவது, 1:87 எனில் மாதிரியைப் போல் 87 மடங்கு பெரியது உண்மைப் பொருள். இவ்விகிதங்களுக்கு எழுத்துப் பெயர்களும் உண்டு: ‘ஓ’ என்பது அமெரிக்காவில் 1:48, பிரிட்டனில் 1:43.5, ‘எஸ்’ 1:64, ‘ஓஓ’ 1:76, ‘எச்ஓ’ 1:87, ‘டிடி’ 1:120, ‘என்’ 1:160, ‘இசட்’ 1:220. போர் விளையாட்டினரோ விகிதத்தைச் சொல்லாமல் வீரனின் உயரத்தை மட்டும் 28, 20, 15, 10, 6 மி.மீ. எனக் குறிக்கின்றனர். அந்த உயரத்தைச் சிலர் உள்ளங்காலிலிருந்து கண்வரையிலும் சிலர் உச்சந்தலைவரையிலும் அளப்பதால், ஒரே எண்ணைத் தாங்கிய இரு நிறுவனங்களின் வீரர்கள் அருகருகே நிற்கும்போது உயரத்தில் வேறுபடுகின்றனர். தரையிலிருந்து கண் 160 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் 28 மி.மீ. வீரனின் விகிதம் ஏறத்தாழ 1:57, 170 செ.மீ. முழு உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால் 1:61. ஆகவே அவ்வீரனுக்கு 1:56 முதல் 1:64 வரையுள்ள எந்த விகிதத்தையும் ஓரளவு நியாயப்படுத்த இயலும்.

எழுத்துப் பெயரைவிட நம்பத்தக்க அளவுகோல் கதவு. இரண்டு மீட்டர் உயரக் கதவு 1:48-இல் ஏறத்தாழ 42 மி.மீ., 1:56-இல் 36 மி.மீ., 1:64-இல் 31 மி.மீ., 1:87-இல் 23 மி.மீ. உயரமாக அமையும். கண்வரை 28 மி.மீ. அளந்த வீரன் உச்சிவரை ஏறக்குறைய 30 மி.மீ. இருப்பான், அவன் நிற்கும் பீடத்தின் 3 மி.மீ. தடிப்பையும் சேர்த்தால் 33 மி.மீ. ஆகிவிடும் என்பதால், கணக்கில் பொருந்துவதாகத் தோன்றும் 1:64 நிலையத்தின் வாயிலைவிட அவன் உயர்ந்து நிற்கிறான். 28 மி.மீ. மேசைகளில் 1:48 விகித ‘ஓ’ கட்டடங்கள் சற்றுப் பெரியவையாக இருந்தும் இயல்பாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

சிறிய வீரர்களுக்குத் தேர்வு எளிது. 20 மி.மீ. வீரர்களுக்கு, அவர்களுடன் நிற்கும் 1:72, 1:76 விகித வண்டிகளையும் எண்ணிப் பார்த்தால், ‘ஓஓ’ மிகப் பொருத்தமானது. 15 மி.மீ. வீரர்களின் வண்டிகள் பெரும்பாலும் 1:100 விகிதத்தில் விற்கப்படுவதால், ‘டிடி’ சிறிது குறைவாகவும் ‘எச்ஓ’ சிறிது மிகையாகவும் அமைய, கட்டடத்துக்குப் பின்னதையும் ரயிலுக்கு முன்னதையும் கொள்வது நல்ல சமரசம். 10 மி.மீ. வீரர்களுக்கு ‘என்’ ஏறத்தாழ முழுமையாக ஒத்துப்போகிறது. 1:285 அல்லது 1:300 விகிதத்திலான 6 மி.மீ. படைகளுக்கு ‘இசட்’ கூடப் பெரியதே என்றாலும், பரவலாகக் கிடைக்கும் மாதிரி ரயில் அளவுகளில் அதுவே அருகிலுள்ளது.

விகிதத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றோர் அளவு பாதையகலம், அதாவது இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரம். ‘எச்ஓ’, ‘ஓஓ’ இரண்டும் 16.5 மி.மீ. பாதையிலேயே ஓடுகின்றன. பிரிட்டனின் ரயில்கள் ஐரோப்பாவின் பிற நாட்டு ரயில்களைவிட உருவில் சிறியவையாதலால், 1:87 விகித என்ஜினுக்குள் அக்கால மோட்டாரை அடக்க முடியாத அந்நாட்டுத் தயாரிப்பாளர்கள் பாதையை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் 1:76-ஆகப் பெரிதாக்கினர். பாதையகலத்தை விகிதத்தால் பெருக்கினால் அது உண்மையில் எந்தப் பாதையைக் குறிக்கிறது என்பது தெரிந்துவிடும். போர் விளையாட்டினருக்கு மிகவும் பயன்படும் கணக்கு இதுவே.

முதல் உலகப்போரில் அரபுக் கிளர்ச்சியாளர்கள் மீண்டும் மீண்டும் தகர்த்த ஹிஜாஸ் ரயில்பாதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உஸ்மானியப் பேரரசு டமாஸ்கஸிலிருந்து அமைத்து 1908-இல் மதீனாவரை கொண்டுசென்ற அப்பாதையின் அகலம் 1,050 மி.மீ. எளிதில் கிடைக்கும் 16.5 மி.மீ. ‘எச்ஓ’ தண்டவாளத்தை 64-ஆல் பெருக்கினால் 1,056 மி.மீ. வருகிறது, 56-ஆல் பெருக்கினால் 924 மி.மீ. எனவே 28 மி.மீ. மேசையில் ஹிஜாஸ் பாதையை அமைப்பவர், விலை மிகுந்த ‘ஓ’ தண்டவாளத்தைத் தேடாமல் ‘எச்ஓ’ தண்டவாளத்தையே விரிக்கலாம். அதன் குறுக்குக்கட்டைகள் சிறியவையாகவும் நெருக்கமாகவும் இருப்பதை மணலும் சரளையும் மறைத்துவிடும். 1,435 மி.மீ. பொதுப்பாதையில் நிகழும் போருக்கோ 1:56-இல் 25.6 மி.மீ. தேவைப்படுகிறது, ‘எஸ்’ பாதை 22.5 மி.மீ., ‘ஓ’ பாதை 32 மி.மீ. என்பதால் அங்கே எதுவும் சரியாக அமைவதில்லை. அதே ‘ஓ’ தண்டவாளம் இந்தியாவின் 1,676 மி.மீ. அகலப் பாதைக்கு, 1:56-இல் வேண்டிய 29.9 மி.மீ.-க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஒரே தண்டவாளம் ஒரு நாட்டின் போருக்குப் பொருந்தி மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போவதால், எந்தப் போர், எந்தப் பாதை என்று தெரியாமல் தண்டவாளம் வாங்குவது வீண்செலவாகும்.

மேசையின் நீளமும் தேர்வைக் கட்டுப்படுத்துகிறது. இருபது மீட்டர் நீள ரயில்பெட்டி 1:48-இல் ஏறத்தாழ 42 செ.மீ. பிடித்துக்கொள்கிறது, ஆறடி மேசையில் என்ஜினும் அத்தகைய மூன்று பெட்டிகளும் நின்றால் படைகளுக்கு வழியடைத்த சுவராகிவிடும். 1:48 உடலை 16.5 மி.மீ. பாதையில் ஓடவிடும் ‘ஓஎன்30’ என்னும் குறும்பாதை வகையின் பெட்டிகள் குட்டையானவை. ஆதலால் 28 மி.மீ. வீரர்களோடு அவை நன்கு இணைகின்றன.

எல்லாப் பொருளும் விகிதத்துக்குக் கட்டுப்பட்டதன்று. மரம், பாறை, புதர், மண் சரிவு போன்றவற்றுக்கு இயற்கையிலேயே நிலையான உயரம் இல்லாததால், ‘எச்ஓ’ மரம் 28 மி.மீ. வீரனருகே இளமரமாக நிற்கும். கதவு, படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், செங்கல் வரிசை, நாற்காலி ஆகியவையோ மனித உடலுக்கென அளந்து செய்தவையாதலால் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே செலவையும் கவனத்தையும் மனிதக் கை தொடும் பொருள்களில் குவித்து, மற்றவற்றில் கிடைத்ததைக் கொண்டு நிறைவடைவதே அறிவுடைமை. போரின் களத்தைத் தீர்மானித்து, அந்நாட்டுப் பாதையகலத்தை அறிந்து, தம்மிடமுள்ள வீரனைப் பீடத்தோடு அளந்து, அந்த எண்களைக் கொண்டு தண்டவாளத்தையும் கட்டடத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பவரின் மேசையில், பெட்டிகளின் மேல் அச்சிட்ட எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும் வீரனும் ரயிலும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகவே தோன்றும்.