ஹார்பினுக்குப் போன பினாங்கு டாக்டர்

மாணவர்களே, 2020 மார்ச் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது உங்களில் பலர் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். மூக்கையும் வாயையும் மூடாமல் கடைக்குள் நுழைய முடியாத அந்த மாதங்கள் நினைவிருக்கும். மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை, வீட்டிலேயே தனிமைப்படுத்தல், பெருநாளுக்கு ஊர் திரும்ப முடியாத ஏக்கம் எல்லாம் நமக்குப் புதிதாக இருந்தன. ஆனால் இவை அனைத்தும் 1911-இலேயே சீனாவின் வடகிழக்கு மூலையில் ஒரு முறை நடந்து முடிந்தவை. அவற்றை நடத்திக் காட்டியவர் பினாங்கில் பிறந்த ஒருவர்.

அவர் பெயர் வூ லியன் தே. 1879-இல் பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். வீட்டில் வழங்கிய பெயர் ஙோ லியன் தக். (நாம் அதிகம் பயன்படுத்தாத 'ங' வரிசைக்கு இங்கே வேலை வந்துவிட்டது.) பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பிறகு பினாங்கில் மருந்தகம் வைத்தார். அபினிக்கு எதிராகத் தீவிரமாகப் பேசிய அவருடைய மருந்தகத்திலேயே ஓர் அவுன்ஸ் அபினி இருந்ததாக வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். அடுத்த ஆண்டு, 1908-இல், தியான்ஜின் நகரின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்க அவர் சீனா சென்றார். அப்போது அவருக்கு மண்டரின் மொழி பேசத் தெரியாது. அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டார்.

1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் மக்கள் மளமளவென்று செத்து விழத் தொடங்கினார்கள். காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த சளி. ஓரிரு நாளில் உடல் நீலம் பாய்ந்து மரணம். நோய் கண்டவர்களில் பிழைத்தவர் ஏறக்குறைய எவரும் இல்லை.

நோயின் தொடக்கத்தில் ஒரு நாகரிக மோகம் இருந்தது. தர்பகன் எனப்படும் மார்மட், மங்கோலியப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் கொழுத்த கொறிவிலங்கு. அதன் தோலுக்குச் சாயமேற்றினால் விலையுயர்ந்த விலங்குரோமம் போலவே தெரியும். ஐரோப்பாவில் கிராக்கி ஏறியதும் விலை பல மடங்கானது. மங்கோலிய வேட்டைக்காரர்களுக்கு அந்த விலங்கின் நடையைப் பார்த்தே நோயுற்றது எது என்று தெரியும். அதைத் தொடவே மாட்டார்கள். காசுக்காக ஷாண்டோங் மாநிலத்திலிருந்து வந்து இறங்கிய ஏழைத் தொழிலாளர்களுக்கு அந்த அனுபவம் இல்லை. ஓட முடியாத விலங்கு கையில் எளிதாகச் சிக்குமல்லவா? அதையே பிடித்துத் தோலுரித்தார்கள்.

ஹார்பின் ஓர் இரயில் சந்திப்பு. வடக்கே தண்டவாளம் ரஷ்யர்கள் கையில், தெற்கே ஜப்பானியர்கள் கையில். நோயைச் சீனாவால் அடக்க முடியவில்லை என்றால், அதையே சாக்காக வைத்து அந்த இரு வல்லரசுகளும் மஞ்சூரியாவை விழுங்கிவிடும் என்று பெய்ஜிங் அஞ்சியது. ஆகவே நோயை அடக்குவதோடு, அது என்ன நோய் என்று அறிவியல் முறைப்படி நிரூபிக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டார். 31 வயது டாக்டர் வூ, ஒரு நுண்ணோக்கியோடும் ஒரு மாணவரோடும் டிசம்பர் 24 அன்று ஹார்பினில் இறங்கினார்.

மூன்று நாள் கழித்து, சீனர் குடியிருப்பான ஃபூஜியாடியனில் விடுதி நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் இறந்தார். இறந்த உடலை அறுப்பது அன்றைய சீன வழக்கத்துக்கு முற்றிலும் விரோதம். செய்தி வெளியே தெரிந்தால் கூட்டம் கூடிவிடும். டாக்டர் வூ அதை இரகசியமாகச் செய்தார். நுரையீரல், இதயம், மண்ணீரல் மாதிரிகளைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தார். இரு முனைகளிலும் சாயம் அடர்ந்து நிற்கும் சிறு கோல் வடிவக் கிருமிகள் திரளாகத் தெரிந்தன. அது பிளேக்.

இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பிளேக் கிருமியை 1894-இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். பம்பாயில் நடந்த ஆய்வுகள், எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது மனிதனுக்கு வருகிறது என்று காட்டியிருந்தன. அதனால் ஹார்பினிலும் மருத்துவர்கள் எலிகளைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் பிளேக் இல்லை. டாக்டர் வூ வேறு கேள்வி கேட்டார். இறந்தவர்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டவில்லை. கிருமி குவிந்திருப்பதோ நுரையீரலில். வெளியே உறைபனி, தெள்ளுப்பூச்சிக்கு ஏற்ற காலமே இல்லை. விடுதிகளிலோ ஜன்னல்களை இறுக மூடிவிட்டு, 'காங்' எனும் சூடாக்கிய செங்கல் மேடையில் தொழிலாளர்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் இருமினால் தெறிக்கும் துளிகளை அடுத்தவர் சுவாசிக்கிறார். எலியும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். இது மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தாவும் நுரையீரல் பிளேக்.

முடிவு இதுவென்றால், மூச்சுக்காற்றை மறிப்பதுதான் வழி. அறுவைச் சிகிச்சை அறையில் மருத்துவர்கள் வலைத்துணியால் வாயை மூடும் பழக்கம் ஐரோப்பாவில் அப்போதே இருந்தது. டாக்டர் வூ அந்த வலைத்துணிக்கு நடுவே பஞ்சை வைத்து மடித்து, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் முகக்கவரி ஒன்றை அமைத்தார். யாரும் தைக்கலாம், செலவும் சொற்பம். செவிலியர், காவலர், பிணம் தூக்குவோர் எல்லாரும் கட்ட வேண்டும் என்றார்.

எல்லாரும் கேட்கவில்லை. ஜெரால்ட் மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் தியான்ஜினிலிருந்து வந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இளம் சீனர் ஒருவர் தமக்குப் பாடம் சொல்வதா என்று அவருக்குக் கோபம். ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் முகக்கவரி இல்லாமலேயே நோயாளிகளைச் சோதித்தார். ஜனவரி 11 அன்று அதே நோயில் இறந்தார். அதன் பிறகு ஹார்பின் தெருவில் முகக்கவரி இல்லாத முகத்தைப் பார்ப்பது அரிதாயிற்று. ஒரு நல்ல மருத்துவரின் மரணம்தான் ஊருக்குச் சான்றாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

துணி மட்டும் போதவில்லை. அன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கிடையாது. பிளேக்கைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் வந்தது. எனவே பரவுவதைத் தடுப்பது ஒன்றே மருத்துவம். ஃபூஜியாடியனை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு நிறப் பட்டையைக் கையில் கட்டச் சொன்னார்கள். அனுமதியின்றி வட்டாரம் தாண்டக் கூடாது. ரஷ்யர்களிடம் கடன் வாங்கிய சரக்கு இரயில் பெட்டிகளில், நோயாளிகளோடு பழகியவர்களைத் தனியே வைத்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பத் துடித்த தொழிலாளர்களை இரயில் ஏறவிடவில்லை. முகக்கவரியைவிட இந்தத் தடைதான் அதிக உயிர்களைக் காத்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒன்று மீதியிருந்தது. ஊர்ப்புறத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள், பெட்டிகளிலும் பெட்டியில்லாமலும் பனியில் கிடந்தன. தரை பாறைபோல் உறைந்திருந்ததால் குழி வெட்ட முடியவில்லை. எலிகள் கடித்தால் அவற்றுக்கும் நோய் தொற்றும். எரிப்பதே வழி. ஆனால் முன்னோரை மண்ணில் அடக்கம் செய்து ஆண்டுதோறும் வணங்கும் மக்களிடம், உங்கள் அப்பாவை எரிக்கப் போகிறோம் என்று யார் சொல்வது? டாக்டர் வூ உள்ளூர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் அழைத்துப்போய் அந்த வரிசையை நேரில் காட்டினார். பேரரசருக்கு விண்ணப்பம் போனது. அரியணையில் இருந்த பூயிக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அரசவை அனுமதி தந்தது. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், 1911 ஜனவரி 31 அன்று, சடலங்களை அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள்.

அதன் பின் எண்ணிக்கை இறங்கியது. மார்ச் 1-க்குப் பிறகு ஹார்பினில் புதிய நோயாளி இல்லை. மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள். ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாடுகளின் அறிஞர்கள் கூடிய பிளேக் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வூ. அந்த ஆண்டு அக்டோபரில் புரட்சி வெடித்து, சில மாதங்களில் பேரரசே கவிழ்ந்தது. அவரோ அங்கேயே தங்கி, பிளேக் தடுப்பு மருத்துவமனைகளைக் கட்டினார். 1920-21-இல் நோய் திரும்பி வந்தபோது பலியானோர் பத்தாயிரத்துக்கும் குறைவு.

1935-இல் அவர் பெயர் மருத்துவ நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1937-இல் ஜப்பான் சீனாவுக்குள் நுழைந்ததும் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண டாக்டராக நோயாளிகளைப் பார்த்தார். 1960 ஜனவரி 21 அன்று பினாங்கில் காலமானார். பினாங்கு பிரீ ஸ்கூலின் விளையாட்டு இல்லங்களுள் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான்.