உங்களுக்குத் தெரியுமா? அருணாசலக் குகையில் ஒரு கத்தோலிக்கத் துறவி

திருவண்ணாமலைக் குகைகளில் தவமிருந்தவர்கள் சைவத் துறவிகள் மட்டுமல்ல. 1950களில், காவி உடுத்திய பிரெஞ்சு கத்தோலிக்கத் துறவி ஒருவரும் அங்கே தனித்திருந்து, மௌனத்தில் இறைவனைத் தேடினார்!

• அவர் பெயர் ஆன்றி லெ சோ. பெனடிக்ட் சபைத் துறவி. 1948இல் தமிழகம் வந்தார். பின்னர் சுவாமி அபிஷிக்தானந்தா ஆனார்.

• 1949இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைத் தரிசித்தார். அதன்பின் அருணாசல மலை அவரை மீண்டும் மீண்டும் அழைத்தது.

• 1950இல் அருட்தந்தை ஜூல்ஸ் மோன்ஷனினுடன் சேர்ந்து, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். காவிரிக் கரையில் உள்ள இந்தச் ‘சாந்திவனம்’ இன்றும் இயங்குகிறது.

• 1968இல் ஆசிரமப் பொறுப்பு துறவி பீட் கிரிஃபித்ஸிடம் வந்தது. லெ சோ இமயமலைச் சாரலில், உத்தரகாசியில் குடில்வாழ்வை மேற்கொண்டார். 1973இல் மறைந்தார்.

• இந்தத் தனிமைக்கு வேர் நற்செய்தியிலேயே உண்டு. இயேசு பணி தொடங்குமுன் 40 நாள் பாலைநிலத்தில் இருந்தார். விடியுமுன் எழுந்து தனியிடம் சென்று செபித்தார் என்கிறது மாற்கு நற்செய்தி. மக்களிடம் செல்லுமுன் இறைவனோடு தனித்திருப்பது அவர் காட்டிய வழி.