வயலில் வெட்டுக்காயம் பட்டால் வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

சின்னமனூர் பகுதியில் வாழை இலை அறுப்பவர்கள், தார் வெட்டுபவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும், அரிவாள் கீறாத விரல் இருக்காது. கீறியதும் வாழைப்பாலைத் தடவுவது, ஒரு பிடி மண்ணை அப்புவது, வீட்டுக்கு வந்து காப்பித்தூள் வைப்பது எல்லாம் இன்றும் நடக்கிறது. ரத்தம் நிற்கலாம். ஆனால் அழுக்கும் உள்ளேயே நின்றுவிடும்.

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுற்றிலும் சோப்புப் போடுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் சதை வெந்து, ஆறுவது தள்ளிப்போகும். மஞ்சள் நல்லதுதான், குழம்பில்! கடைத் தூள் கிருமி நீக்கியது அல்ல.

பிறகு மெடிக்கலில் கிடைக்கும் காஸ் துணியை வைத்துக் கட்டுங்கள். விரல் நுனி நீலமானாலோ மரத்தாலோ கட்டு இறுக்கம், தளர்த்துங்கள். தினமும் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்து எடுங்கள்.

காயம் ஆழமாக இருந்து வாய் பிளந்து நின்றால், ரத்தம் நிற்காவிட்டால், விரலை மடக்க முடியாவிட்டால் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் காலில் சின்னப் புண் என்றாலும் காட்டிவிட வேண்டும். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குக் கிளம்புங்கள். கட்டுப் போட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், டி.டி. ஊசி. ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முள் குத்திய சின்னத் துளைக்குள், காற்றுப் படாத இடத்தில்தான் அது பெருகும். பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுகும். காயமே மறந்துபோன நேரத்தில் வந்து உயிரையே எடுக்கும் நோய் அது. பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போடுகிறார்கள். ஆண்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டதுதான் கடைசி. மண், சாணம் பட்ட காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முன்பு போட்டதே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள், ஒரு ஊசி போதாது. போட்ட தேதியை பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்து நடவு தொடங்கும்போது காலில் புண் உள்ளவர்கள் ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருப்பது நல்லது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியே போனால் எலிக்காய்ச்சல் வரும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். அதன்பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் வேலை பார்த்ததை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.