வேகப் பந்துக்கு விலை பேசுகிறார்கள்

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தைக் கண்டிச் சீமையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நித்தவலை மைதானத்தில் றகர் ஆட்டம் என்றால் கடுகண்ணாவையிலிருந்தும் பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் உதைபந்தாட்டம் என்ற பெயரோடு வழங்குவது இந்த றகருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெயரில் உதை இருக்கிறது. ஆட்டத்தில் பெரும்பாலும் இல்லை. அங்கே பந்தை வாங்கிக்கொண்டு எதிர்த்தரப்பாரின் மதிற்சுவருக்குள்ளேயே புகுந்து ஓடுவதற்கென்று ஒருவர் இருக்கிறார். "ரன்னிங் பாக்" என்பது அவர் பெயர். நாம் அவரைப் பந்தோடி என்று அழைத்துக்கொள்வோம்.

இந்தப் பந்தோடியின் கதை சற்று இரங்கத்தக்கது. தொழில்முறைக் குழுவுக்கு அவர் வந்து சேரும்போது வயது இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு. முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு; சம்பளமோ விதிப்படி முன்பே வரையறுக்கப்பட்டது. முதற் சுற்றிலே தெரிவானவராயின் ஐந்தாம் ஆண்டையும் குழு தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். அதன் பின்னும் குறித்த ஒரு தொகையைக் கொடுத்து ஓராண்டு மறித்து வைக்க அதற்கு உரிமை உண்டு. தம் விலையைத் தாமே பேசும் நாள் வருமுன் அவருடைய முழங்கால்களும் தோள்களும் நூற்றுக்கணக்கான மோதல்களைக் கண்டுவிடுகின்றன. அதற்குள் இளையவர் ஒருவர் குறைந்த சம்பளத்தில் வாசலில் வந்து நிற்கிறார். 2022ஆம் ஆண்டுத் தெரிவில் 251ஆவதாக அழைக்கப்பட்டவர் ஐசாயா பசெக்கோ. ஏறக்குறையக் கடைசி வரிசை. அவரே அப்பருவத்தில் கன்சாஸ் நகரக் குழுவின் முதன்மைப் பந்தோடியாகி, வாகை சூடிய குழுவில் நின்றார். இப்படி ஒருவர் கிடைக்கும்போது மூத்தவருக்கு யார் பெருந்தொகை கொடுப்பார்?

சிலவேளை கணக்குப் பிழைப்பதும் உண்டு. 2018இல் இரண்டாமவராகத் தெரிவான சேக்குவான் பார்க்லியை நியூயோர்க் ஜயன்ட்ஸ் குழு 2024இல் போகவிட்டது. பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது. அப்பருவத்திலே அவர் 2,005 யார் ஓடினார். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, அவருடைய 28ஆவது பிறந்த நாளன்று, ஈகிள்ஸ் வாகை சூடிற்று. ஆயினும் அவருக்கு வழி திறந்துவிட்ட முன்வரிசையாரின் வலிமையை மறந்து முழுப் புகழையும் அவருக்கே சூட்டுவது நியாயமன்று. ஓடியவரின் திறமை எவ்வளவு, வழிவிட்டவர்களின் திறமை எவ்வளவு என்று பிரித்தறிய முடியாமையே பந்தோடியின் விலையைக் கீழே இழுக்கிறது.

இந்த அமெரிக்கக் கதை எமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இதே கணக்கில் எடைபோடப்பட்ட இளைஞர் ஒருவர் எம் அயலிலேயே பிறந்தவர். கண்டியில் 2002 டிசம்பரில் பிறந்து திரித்துவக் கல்லூரியில் பயின்ற மதீஷ பத்திரணவையே சொல்கிறோம். கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுழற்றி எறிவதுபோல் வீசும் அவருடைய பாணி லசித் மாலிங்கவை நினைவூட்டுவது.

இந்தியன் பிரீமியர் லீக்கினுள் அவர் நுழைந்ததே மாற்றாள் என்ற முறையில்தான். 2022இல் நியூசிலாந்தின் அடம் மில்ன் காயமுற்றதும், அவருக்குப் பதிலாகச் சென்னை சூப்பர் கிங்ஸ் குழு பத்திரணவை இருபது இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகள், குழுவுக்குக் கிண்ணம். இறுதி ஓவர்களில் தோனி அவரையே நாடினார். இந்தப் பாணியில் வீசுகிறவர் உடலைப் பேணிக் குறைவாக ஆடவேண்டும் என்று அக்காலத்தில் தோனி வெளிப்படையாகவே சொன்னார். 2024இல் ஆறே ஆட்டங்கள். பின்பு தொடைத் தசையிற் காயம். இருந்தும் 2025ஆம் ஆண்டுக்காக அவரை 13 கோடி கொடுத்துக் குழு தக்கவைத்தது. அந்தப் பருவத்தில் ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். சென்னை கடைசி இடத்துக்கு இறங்கியது. நவம்பரில் அவரை விடுவித்தார்கள்.

கதை அங்கே முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர். டிசம்பர் 16ஆந் திகதி அபுதாபி ஏலத்தில் இரண்டு கோடி அடிப்படை விலையில் அவர் பெயர் வந்தது. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 18 கோடிக்கு வாங்கிற்று. ஒரே மாதத்தில் ஒரு குழுவுக்கு 13 கோடிக்கும் வேண்டாதவர், இன்னொரு குழுவுக்கு 18 கோடிக்கு வேண்டியவரானார். அவருடைய தோளில் அந்த ஒரு மாதத்தில் என்ன மாற்றம் நேர்ந்திருக்கும்? மாற்றம் வாங்குகிறவரின் கையில் இருந்தது. கொல்கத்தாவிடம் அன்று ஏனைய குழுக்களை விட அதிகப் பணம் இருந்தது. கடைசி ஓவர்களுக்கு ஆள் இல்லை. அவரைப்போல் வீசுகிறவர் சந்தையில் வேறொருவரும் இல்லை. சென்னையோ அதே ஏலத்தில், தேசிய அணிக்கு இன்னும் ஆடாத இரண்டு இந்திய இளைஞர்களுக்குத் தலா 14 கோடி 20 இலட்சம் கொடுத்தது. ஓர் ஆட்டத்தில் வெளிநாட்டார் நால்வர்தாம் இறங்கலாம் என்ற விதி இருப்பதால், நல்ல உள்நாட்டு இளைஞன் அரிய பொருள்.

மேல் எல்லையும் ஒன்று உண்டு. அன்று அவுஸ்திரேலியாவின் கமரூன் கிரீனுக்கு 25 கோடி 20 இலட்சம் வரை ஏலம் ஏறிற்று. ஆனால் விதிப்படி அத்தகைய ஏலத்தில் வெளிநாட்டாரின் கைக்குப் போவது 18 கோடியே. அமெரிக்காவில் மறித்து வைக்கும் உரிமை; இங்கே மேல் வரம்பு. கயிறு வேறு, கட்டு ஒன்றுதான்.

நீராவிக் காலத்தில் றம்புக்கணையில் புகையிரதத்துக்கு இன்னோர் எஞ்சினையும் மாட்டித்தான் கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறவைப்பார்கள். ஏற்றம் முடிந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள். வேகப் பந்து வீச்சாளரும் பந்தோடியும் இந்த எஞ்சினின் இனம் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

சுழற்பந்து வீச்சாளருக்குக் காலம் சற்று நீளம். எம் மண்ணின் முத்தையா முரளிதரனைச் சென்னை 2008இல் ஆறு இலட்சம் டொலருக்கு எடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. 2011இல் கொச்சி பதினொரு இலட்சம் டொலர் கொடுத்தது. அந்தக் குழு கலைந்துபோக, மறு ஆண்டே பெங்களூர் இரண்டு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு அவரைப் பெற்றது. டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்த 800 விக்கெட்டுகளில் ஒன்றுகூட இடையில் குறையவில்லை. ஏலக்காரர் வாங்குவது வரப்போகும் பருவத்தை. போன பருவங்களுக்கு அங்கே விலை கிடையாது.

பத்திரணவின் கையைப் பார்த்துத் தம் கையையும் தாழ்த்தி வீசும் சிறுவர்களை இன்று பள்ளிக்கூட மைதானங்களில் நாம் காண்கிறோம். வளரும் முதுகெலும்பில் வேகப் பந்து வீச்சு மயிரிழை முறிவுகளை உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. இங்கிலாந்தின் கிரிக்கெட் சபை நெடுங்காலம் கடைப்பிடித்த விதியில், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட வேகப் பந்துச் சிறுவனுக்குத் தொடர்ந்து ஐந்து ஓவர், ஒரு நாளில் பத்து ஓவர்; பதினைந்து வயதுக்கு உட்பட்டவனுக்கு ஆறும் பன்னிரண்டும். பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர், மாலையில் அவன் வீடு திரும்பியதும் எத்தனை விக்கெட் என்று கேட்கிறார்கள். எத்தனை ஓவர் வீசினாய் என்றும் கேட்கலாம்.