கல்லூரி வாயிலும் ஆலை வாயிலும்

மாத்தூரில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் தென்படும். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்னும் பெயரில் நிறுவப்பெற்று, 1969இல் உற்பத்தியைத் தொடங்கி, 2000இல் சென்னை பெட்ரோலியம் எனப் பெயர் மாறிய ஆலை அது. அதனை அடுத்து உரத் தொழிற்சாலை. எண்ணூரில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு. தெற்கே 1881இல் திறக்கப்பெற்ற துறைமுகம், வடக்கே 2001இல் தொழிற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம். இத்துணைத் தொழிலகங்கள் சூழ்ந்த ஊரில் பிறந்து வளரும் மாணவன், பட்டம் பெற்ற பின்னர் வேலை தேடி இரண்டு பேருந்து மாறித் தென்சென்னைக்குச் செல்கின்றான். ஆலைப்புகை அவனுக்கு, ஆலைப்பணி பிறர்க்கு என்னும் இந்நிலை ஏன் நேர்ந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

கல்லூரி வாயில் முன்பு குறுகலாக இருந்தது என்பதில் ஐயமில்லை. தொழிற்படிப்புகளுக்கு 1984இல் புகுத்தப்பட்ட நுழைவுத்தேர்வு, தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்த வல்லார்க்கே பெரிதும் துணைபுரிந்தது. 2006இல் தமிழகச் சட்டமன்றம் அதனை நீக்கச் சட்டம் இயற்றியது. 2007இல் இசுலாமியர்க்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டினுள் 3.5 விழுக்காடு தனியே வழங்கப்பட்டது. குடும்பத்தில் முதற் பட்டதாரியாக வருவோர்க்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. இவற்றின் பயன் கண்கூடு. 2021-22ஆம் ஆண்டு அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4, தமிழகத்தில் 47.

எனினும் சராசரி என்பது சிலவற்றை மறைக்கும். நாட்டின் முதன்மையான கல்லூரிகளில் இளங்கலை பயில்வோருள் 25 பேருக்கு ஒருவரும், முதுகலை பயில்வோருள் 50 பேருக்கு ஒருவருமே முஸ்லிம்கள் என 2006இல் சச்சார் குழு எடுத்துரைத்தது நம் சமுதாயப் பெரியோர் நினைவில் இருக்கும். கட்டணம் மட்டுமன்று, தொலைவும் ஒரு தடையே. 2021இல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது உண்மைதான்; ஆயின் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பிலிருந்து அவ்விரயிலை அடைவதே ஒரு தனிப் பயணம். கன்டெய்னர் லாரிகள் வரிசையிட்டு நிற்கும் சாலையில் அந்தி சாய்ந்தபின் மகள் வீடு திரும்புவாளே என்று அஞ்சும் தாயின் அச்சத்தை நாம் எளிதாகப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. அவ்வச்சத்தினால் இரண்டாம் ஆண்டோடு நின்ற மாணவியரை நாம் அறிவோம்.

இவையனைத்தையும் கடந்து பட்டம் பெற்றவர் நிலை யாது? சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்று முதல் வகுப்பில் தேறிய மாணவர் ஒருவர் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். அவர் தந்தையார் துறைமுகத்தில் சுமைப்பணி புரிந்தவர். இன்வாய்சுக்கும் டெலிவரி சலானுக்கும் உள்ள வேறுபாடு யாது என வினவினராம். புணர்ச்சி இலக்கணத்தில் அம்மாணவரை மடக்க வல்லார் வகுப்பில் எவருமிலர். இவ்வினாவுக்கோ வாய் திறக்க இயலவில்லை. திரும்பி வந்து, "ஐயா, மூன்றாண்டில் ஒரு நாளேனும் அந்தக் காகிதங்களை எங்களுக்குக் காட்டியிருக்கலாமே" என்றார். சினத்தோடு கூறவில்லை. அதனாலேயே அச்சொல் இன்னும் நம் நெஞ்சில் தைத்துக் கொண்டிருக்கிறது.

தமிழிலக்கியத்தைக் குறைத்து வணிகக் கடிதத்தைப் புகுத்துக என்பது நம் கருத்தன்று. அவ்வாறு சொல்வோர் இலக்கியத்தையும் அறியார், வணிகத்தையும் அறியார். பாடம் பாடமாக இருக்க, அதனோடு தொழிற்பழக்கம் சேரவேண்டும் என்பதே வேண்டுகோள். இதற்குச் சட்டமே வழி வகுத்துள்ளது.

அப்ரண்டிஸ் என்றவுடன் ஐ.டி.ஐ. படித்தவர்க்கு உரியது என்றே நம் இல்லங்களில் எண்ணுகின்றனர். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. போன்ற பட்டம் பெற்றோரையும் உள்ளடக்கியது. 30 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை அமர்த்துதல் கடமை என 2019ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பட்டதாரிப் பழகுநர்க்குத் திங்களுக்குக் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்றும் அவ்விதிகள் வரையறுத்தன. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின்கீழ்க் குறைந்தபட்சத் தொகையில் பாதியை நடுவணரசே ஏற்கும். இதனைக் கவனிக்கும் தென்மண்டல வாரியம் நம் சென்னைத் தரமணியில்தான் உள்ளது. பட்டப்படிப்பினுள்ளேயே பழகுநர் பயிற்சியை இணைப்பதற்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக்குழு 2020இல் வெளியிட்டது.

ஒன்றை மறைத்தல் கூடாது. பயிற்சி முடிந்தபின் வேலை தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; அதற்கான கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளும். குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாக இதனைக் கொள்வாரும் இருப்பர். ஆயினும் ஓராண்டு அலுவலகத்துள் அமர்ந்து கோப்பும் கணக்கும் பழகியவன், முன் சொன்ன மாணவரைப் போல் வாயடைத்து நிற்கமாட்டான்.

மாத்தூரைச் சுற்றியுள்ள சரக்குப் பெட்டக நிலையங்களிலும் இராஜாஜி சாலையின் சுங்க அலுவலகத்தைச் சார்ந்து இயங்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும் நடைபெறுவது பெரும்பாலும் எழுத்துப்பணி. ஷிப்பிங் பில்லில் ஓர் எண் பிழைபட்டால் சரக்கு நின்றுவிடும். சொல்லைப் பிழையறக் காணப் பழகிய தமிழ் மாணவர்க்கு இப்பணி அயலானதன்று. 2018ஆம் ஆண்டுச் சுங்கத் தரகர் விதிகளின்படி, உரிமத் தேர்வு எழுதுவதற்குரிய வழிகளுள் ஒன்று, பட்டமும் 'ஜி' அட்டை பெற்றவராக இரண்டாண்டுப் பணி அனுபவமும் ஆகும். தந்தை மூட்டை சுமந்த துறைமுகத்தில் மகன் உரிமம் பெற்ற தரகராகத் திகழ்வதற்குச் சட்டத்தில் தடையில்லை. முதற்படியில் கால் வைக்க ஓர் அலுவலகம் இடந்தருதல் வேண்டும், அவ்வளவே.

மண்ணடியிலும் இராயபுரத்திலும் அத்தகைய அலுவலகங்களை நடத்தும் பெரியோர் பலர் இம்மலரைப் படிப்பர் என நம்புகிறோம். கல்லூரிக்குக் கட்டடமும் விளக்கும் மின்விசிறியும் வழங்கிய அவர்தம் கொடையுள்ளத்தை நாம் மறவோம். இம்முறை நாம் வேண்டுவது பணமன்று. ஆண்டுக்கு இருவரைப் பழகுநராக ஏற்றுக்கொள்ளுங்கள். அவருள் ஒருவர் மாணவியாக இருக்கட்டும். அவர் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் புறப்பட இசைவு தாருங்கள். விண்ணப்பம் நிரப்புதல், பதிவு செய்தல் ஆகியவற்றைத் துறையாசிரியர்களாகிய நாம் பார்த்துக்கொள்கிறோம். இறுதியாண்டு மாணவர் பட்டியல் துறை அலுவலகத்தில் அணியமாக உள்ளது.