பெல்ட் சுற்றிய நாடா

பாட்டு கேசட் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: நாடா சிக்கிக்கொள்ளும், இழுத்தால் குடல்போல வந்துகொண்டே இருக்கும், பென்சிலைச் செருகிச் சுற்றுவோம். பாட்டு போனால் பரவாயில்லை. கணினிக்காக நாடாவில் ஏற்றிய கணக்குவழக்கு அப்படிச் சிக்கினால்?

1972-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தது. டிசி 300 என்ற கார்ட்ரிட்ஜ். கால் அங்குல அகலத்தில் 300 அடி நாடா, ஏறக்குறைய ஆறுக்கு நான்கு அங்குலப் பெட்டிக்குள். அடித்தட்டு அலுமினியம், கையில் எடுத்தால் கனம் தெரியும்.

கேசட்டில் சக்கரத்தைக் கருவியின் அச்சுதான் சுற்றும். இதில் இரண்டு சுருள்களின் வெளிப்புறத்தையும் அழுத்தியபடி ஒரு மெல்லிய பெல்ட் ஓடுகிறது. கருவியிலிருக்கும் ஒரே மோட்டார் பெட்டியின் ஓரத்து உருளையைத் திருப்ப, உருளை பெல்ட்டை இழுக்க, பெல்ட் இரண்டு சுருள்களையும் சேர்த்தே சுற்றும். பெல்ட் ரப்பர்போல இழுபடக்கூடியது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுபடுவதால், நாடாவை வாங்கும் சுருள் விடும் சுருளைவிட ஒரு துளி வேகமாகப் போகப் பார்க்கும். நாடா எப்போதும் விறைப்பாகவே நிற்கும். விறைப்பைப் பார்த்துக்கொள்ளத் தனி மோட்டார் வேண்டாம். எனக்குத் தெரிந்த அழகான இயந்திர யோசனைகளில் இதுவும் ஒன்று.

நாடாவின் நுனிகள் சுருளில் கட்டப்பட்டிருக்காது. முடிவு வருவதை நாடாவிலுள்ள சிறு துளைகள் வழியே பாயும் வெளிச்சம் சொல்லும். அதைக் கருவி கவனிக்கத் தவறினால் நாடா கழன்றே போய்விடும்.

1975-இல் வந்த ஐபிஎம் 5100 கணினி இந்தக் கார்ட்ரிட்ஜில்தான் சேமித்தது. ஒன்றில் சுமார் 204 கிலோபைட். கணினியின் எடை ஏறக்குறைய 50 பவுண்டு; அதைத்தான் 'கையோடு கொண்டுபோகலாம்' என்று விற்றார்கள்! 1980-களில் 600 அடி நாடாவில் ஒன்பது தடங்கள் போட்டு 60 மெகாபைட் வரை ஏற்றினார்கள். உழவு மாடு வரப்பு வரை போய்த் திரும்புவதுபோல, ஒரு தடம் முடிந்ததும் அடுத்த தடத்தில் எதிர்த்திசையில் எழுதும் முறை அது.

வயதானால் முதலில் கெடுவது அந்தப் பெல்ட்தான். தளர்ந்து வழுக்கும், அறுந்துபோகும், அல்லது நாடாவிலேயே ஒட்டிக்கொண்டு மேலுள்ள காந்தப் பூச்சை உரித்துவிடும். கருவியிலுள்ள ரப்பர் உருளையும் பிசினாக உருகிக் கிடக்கும். பழைய அலுவலகப் பரணில் இப்படியொரு கார்ட்ரிட்ஜ் அகப்பட்டால் உடனே கருவியில் போட்டு ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள். பெல்ட்டை மாற்றத் தெரிந்தவர் கையில் முதலில் கொடுங்கள்.