முதுகுத்தண்டு ஆபரேஷனில் கருவி ஒடிந்தால்?

ராயபுரத்தில் எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு டிஸ்க் ஆபரேஷன். முந்தின நாள் கேட்டார்: "உள்ளே ஏதாவது ஒடிஞ்சிட்டா என்ன தம்பி பண்ணுவாங்க?" அதற்காகத் தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

அபூர்வம்தான், ஆனால் நடக்கும். பிதுங்கிய டிஸ்க்கைக் குறுகலான வழியில் போய்த்தான் எடுக்க வேண்டும். அதற்கான கத்தி முனையும், 'ரோஞ்சர்' என்ற இடுக்கியின் வாயும் ரொம்பச் சின்னவை. எலும்பில் மாட்டி, பக்கவாட்டில் திருகினால் முறியலாம்.

இன்னொரு காரணம், உலோகச் சோர்வு. நம்ம ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது 1856-ல். அந்தக் காலத்து ரயில்காரர்களை வாட்டிய கேள்வி, 'நல்ல அச்சு ஏன் திடீர்னு ஒடியுது?' ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் சோதித்துக் காட்டினார்: தாங்கக்கூடிய சுமைதான் என்றாலும், திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் நுண்ணிய விரிசல் வளர்ந்து முறிந்துவிடும். பல வருஷம் உழைத்த ரோஞ்சருக்கும் இதே கதைதான். சரியாகக் கழுவாமல் உப்பு நீர் ஒட்டியிருந்தால் எவர்சில்வரும் அரிக்கும். கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு உப்பின் வேலையைச் சொல்லவா வேண்டும்!

ஒடிந்தால் முதல் விதி, பதறித் துழாவக் கூடாது. இடுப்புப் பகுதி டிஸ்க்குக்கு முன்பக்கத்தில்தான் பெரிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. துண்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் உயிருக்கே ஆபத்து. 'சி-ஆர்ம்' எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். எலும்புக்குள் அசையாமல் புதைந்திருந்தால், எடுப்பதுதான் அதிக ஆபத்து என்று சில சமயம் விட்டுவிடுவதும் உண்டு. கடைசியில், எடுத்த துண்டைக் கருவியோடு பொருத்தி, முழுசாக வந்ததா என்று பார்க்க வேண்டும். தையல் போட்ட நோயாளி வெளியே போகும் முன் கருவிகளை எண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பட்டியல்.

ஒடிந்தாலே டாக்டர் மேல் தப்பா? இல்லை. விபத்து நேர்ந்தது என்பது மட்டுமே அலட்சியத்துக்கு ஆதாரமாகாது என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் துண்டு உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விடுவது வேறு விஷயம். நாளைக்கு அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால்? காந்தத்துக்கு இழுபடும் உலோகமாக இருந்தால் நகரலாம், சூடாகலாம். அதனால் துண்டு எங்கே, எந்த உலோகம் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன்: "ஒடியுமான்னு பயப்படாதீங்கண்ணே. ஆபரேஷன் முடிஞ்சதும், 'எல்லாம் எண்ணிச் சரிபார்த்தாச்சா டாக்டர்?'னு ஒரு வார்த்தை கேளுங்க."